உன் அளவு பொய்யில்லை

இன்று காலை பாக்டீரியா வளர்க்கும் கலனான ஃபெர்மென்டரின் மூடியைத் திறந்தபோது அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஊறப்போட்டு மறந்துவிட்ட மொச்சையும் அமோனியாவும் சேர்ந்த நாற்றம். சட்டையில் ஒட்டிக்கொண்டால் பாளையம்பட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். நீ மட்டும் இதை நாற்றம் என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "பூச்சிக வேர்வைடா மாப்ள. ராவும் பகலும் ஒழைக்குதுகள்ல, வேர்க்காதா?" என்பாய். பாக்டீரியாவை நீ பூச்சி என்றுதான் சொல்வாய். எம்.டெக் படித்தவன் பேசுகிற பேச்சா இது என்று நான் கேட்டால், "எம்.டெக் படிச்ச பூச்சி ஒண்ணு கோவப்படுது பாரு" என்று என் பக்கம் கையைக் காட்டுவாய்.

மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இது அழுது எழுதும் மடல் இல்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றி ஒரு பொய் கிளம்பியது. அது உன் ஊரான வீரசோழன் வரைக்கும், உன் வீட்டு வாசல் வரைக்கும் போனது. அது போன தூரத்துக்கு உண்மையும் போயாக வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நாம் செய்த வேலை இதுதான். நெய்வதற்கு முன்னால் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடித்துச் சாயம் போடுவதற்கு முன் அந்தக் கஞ்சியை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அமிலம் ஊற்றி எடுத்தால் நூல் நைந்துபோகும். அமைலேஸ் என்கிற என்சைம் போட்டால் கஞ்சி மட்டும் கரையும், நூலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த என்சைமைச் செய்யச் சொல்லும் ஜீனை வேறொரு கிருமியிலிருந்து எடுத்து நம் பாக்டீரியாவுக்குள் வைத்திருந்தோம். அது என்சைமைச் செய்து தன் சுவரைத் தாண்டி வெளியே தள்ளிவிடும். செல்லை உடைக்க வேண்டிய வேலை இல்லை. செல்லை வடிகட்டிவிட்டு நீரை எடுத்துக்கொண்டால் போதும். சொல்ல எளிது. எவ்வளவு வெளியே வருகிறது என்பதில்தான் கம்பெனியின் உயிரே இருந்தது. பந்தல்குடி ரோட்டில், லாரி ஒர்க் ஷாப்புக்கும் பருத்திக் குடோனுக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட கம்பெனி. அருப்புக்கோட்டையில் இப்படி ஒன்று நடக்கிறது என்று சென்னையில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நம் முதல் பெரிய சண்டை வேகத்தைப் பற்றியது. வெப்பத்தை ஏற்று, சர்க்கரையைக் கொட்டு, ஜீனை முழு விசையில் திறந்துவிடு என்பது என் கட்சி. செய்தும் பார்த்தேன். செல்லுக்குள் என்சைம் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. வெளியே வந்தது கொஞ்சம். வந்த கொஞ்சமும் அதன் புரதச் சங்கிலி சரியாகச் சுருண்டு மடியாமல் கோணலாக வந்து, பாக்டீரியாவின் சொந்த என்சைம்களே அதைக் கடித்துத் தின்றன. நான் சென்சாரைத் திட்டினேன், கரண்ட் ஆபீசைத் திட்டினேன். நீ நிதானமாக வடையைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டாய்.

"ஏலே, திருச்சுழி தேருக்குப் போன பஸ்ஸுல ஏறியிருக்கியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒரே வாசலு. அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல எறங்கப் பாத்தா என்னாகும்? எவனும் எறங்க மாட்டான். வேட்டிதான் கிழியும். நீ உள்ள ஆள ஏத்திக்கிட்டே இருக்க. அது வாசலப் பாக்கணும்ல?"

வெப்பத்தைக் குறைத்தாய். சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். செய்வதைக் குறைத்தால் வெளியே வருவது கூடும் என்பதை என் புத்தி ஒப்புக்கொண்டது, கை ஒப்புக்கொள்ளவில்லை. நான் குழாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் "கைய எடுறா, பாவி" என்று ஒரு சத்தம் வரும். கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாக்டீரியா வளர முதலில் ஊற்றிவைக்கும் சத்து நீரான அடி மீடியமும், சென்சார்களும் என் பாடு. ஃபீடு என்று நாம் சொல்லும் சர்க்கரைக் கரைசல் உன் பாடு. நீ கரைக்கிற இடத்துக்கு நான் வரக்கூடாது என்பது ஒப்பந்தம்.

அப்புறம் அந்த பேட்ச் வந்தது. வெளியே வந்த என்சைம் நாம் அதுவரை பார்க்காத அளவு. நான் நம்பாமல் திரும்ப எடுக்கச் சொன்னேன். நீ திரும்ப எடுத்தாய். இன்னொரு முறை எடுக்கச் சொன்னதற்கு, "வேணும்னா நீ வந்து நக்கிப் பாரு" என்றாய். ஓனர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்கு அந்த எண்ணை அனுப்பினார். அவர்கள் இந்த முறையையே வாங்கிக்கொள்வதாகவும், தங்கள் ஆள் முன்னால் அதே அளவைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் டிரம் டிரம்மாகச் சேர்த்துவைக்கிற ஊரில் கொசுவுக்கு என்ன குறை? மதுரைக்குக் கொண்டுபோகும்போது ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு, "ஃபீடு நின்னுறப் போகுது, நீ எதுக்குடா இங்க உக்காந்திருக்க?" என்று என்னைத் திட்டினாய். எனக்கு நீ கடைசியாகச் சொன்னது அதுதான். பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நல்லது. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

நீ போன பிறகு நான் எடுத்த எந்த பேட்சும் உன் அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதே பாக்டீரியா, அதே வெப்பம், அதே சொட்டு வேகம். உறைபெட்டியில் சேமித்திருந்த பாக்டீரியாவிலிருந்து புது விதை எடுத்தேன். சென்சார்களை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓனர் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார். மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே வந்து, கைக்குட்டையை எடுக்காமலே முடிவைச் சொன்னார்.

"முறை சரியா இருக்கு. அப்ப பழைய எண்தான் தப்பு. இந்த மாதிரி சின்ன இடங்கள்ல இது நடக்கும். ஆசைல ஒரு சைபர் கூட வந்துரும்."

ஓனர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற வேலையைச் செய்தார்.

"தம்பி, பழைய அளவு நம்பத்தக்கதில்ல, அத எடுத்தவர் இப்ப உயிரோட இல்லன்னு ரெண்டு வரி. நீ கையெழுத்துப் போட்டா நம்ம கம்பெனி மேல பழி வராது. போனவனுக்கு என்ன நட்டம், சொல்லு?"

"போட மாட்டேன் சார்."

"அவன் சரியா எடுத்தான்னா நீ எடுத்துக் காட்டு."

"காட்டுறேன்."

"காட்டலன்னா?"

"அப்பவும் போட மாட்டேன். வேலைய விட்டுப் போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர எப்படிக் காட்டுவது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

உன் ஹெல்மெட்டும் செருப்பும் சாப்பாட்டுத் தூக்கும் கம்பெனியில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வீரசோழனுக்கு பஸ் ஏறினேன். வழி நெடுகக் கருவேலம். கண்மாயில் ஆடு மேய்ந்தது. உன் தங்கை நஸ்ரின்தான் கதவைத் திறந்தாள். தூக்கை வாங்கி முகர்ந்து பார்த்து, "இதுலயும் அந்த நாத்தம்தானாண்ணே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

உன் அப்பா, நானும் அத்தா என்றே கூப்பிடுகிறவர், உள் அறையில் இருந்தார். என் குரல் கேட்டும் வெளியே வரவில்லை.

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க ஓனரு போன் பண்ணாகண்ணே. அண்ணன் கணக்கத் தப்பா எழுதிருச்சாம், அதுனால கம்பெனிக்குப் பெரிய எடஞ்சலாம். அதுலருந்து அத்தா கடைத்தெருப் பக்கமே போறதில்ல. பள்ளிக்குத் தொழப் போனாலும் கடைசி வரிசைல நின்னுட்டு, யாரும் பேச்சுக் குடுக்கும் முன்னாடி வந்துருது."

துபாயில் வெயிலில் கம்பி கட்டி, ஊருக்கு வந்தால் நிமிர்ந்தே நடக்கிற மனிதர். அவரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். என் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கோபத்தில் எழுந்தேன். தூக்கின் கறை கையில் பிசுபிசுத்தது. கழுவலாம் என்று சமையற்கட்டு வாசலில் இருந்த குடத்தில் செம்பை விட்டேன். உன் தங்கை பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"அண்ணே! அது நல்ல தண்ணி! கை கழுவ உப்புத் தண்ணி அங்க தொட்டில இருக்கு. டவுனுக்குப் போனா எல்லாம் மறந்துருமா? அண்ணன் மட்டும் இருந்திருந்தா ஒங்க மண்டைல கொட்டியிருக்கும்."

"தெரியாம விட்டுட்டேன் தாயி."

"ஆமா, நீங்க பூச்சிக்கே நல்ல தண்ணி குடுக்குற ஆளாச்சே. அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். 'அவன் சமைக்கிறதுக்கு வண்டித் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துறான், எனக்கு மனசு வரல. சக்கரையக் கரைக்க போர் தண்ணி போதாதா, அதுகளுக்கு நாக்கா இருக்கு உப்புக் கரிக்க'ன்னு."

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

மாப்ள, நம் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். வண்டியில் வரும் தண்ணீர். எழுதிவைத்த முறையில் "தண்ணீர்" என்றால் அதுதான். ஆனால் நீ உப்புத் தண்ணீர் ஊரில் பிறந்தவன். குடிக்கிற தண்ணீரில் குடிப்பதைத் தவிர வேறெதையும் செய்ய உன் கைக்கு வராது. அது நீ யோசித்துச் செய்ததல்ல. அதனால் சொல்லவும் தோன்றவில்லை. கை கழுவத் தொட்டிக்குப் போவதை யாராவது சொல்லிவிட்டா செய்கிறார்கள்? உன் பாட்டுக்கு போர் குழாயைத் திறந்து சர்க்கரையைக் கரைத்து, கிருமி நீக்கி, சொட்டச் சொட்ட விட்டிருக்கிறாய்.

நம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சுண்ணாம்பு. காய்ச்சினாலும் படியாமல் கரைந்தே நிற்கும் கால்சியமும் அதில் நிறைய உண்டு. அமைலேசுக்கு உயிரே கால்சியம்தான். சுவரைத் தாண்டி வெளியே வந்ததும் கால்சியம் கிடைத்தால்தான் அது ஒழுங்காக மடிந்து உறுதியாக நிற்கும். கிடைக்காவிட்டால் துவண்டு போகும், கடிபடும். இது எனக்கும் தெரியும். அதனால்தான் அடி மீடியத்தில் கால்சியம் போட்டிருந்தேன். ஆனால் அதில் பாஸ்பேட்டும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சூடுபடுத்தினால் கட்டிக்கொண்டு வெள்ளைப் பொடியாக அடியில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் அந்தப் பொடியை நான்தான் கழுவினேன். உன் சர்க்கரைத் தண்ணீரோ பேட்ச் நெடுகிலும் கால்சியத்தைச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்துகொண்டே இருந்தது. அதற்குள் பாஸ்பேட்டில் பெரும்பகுதியைச் செல்கள் தின்று முடித்திருக்கும். கால்சியத்தைக் கட்டிப்போட ஆளில்லை. நீ போனதும் சர்க்கரையை நான் கரைத்தேன். எழுதியிருந்தபடியே, ஆர்.ஓ. தண்ணீரில்.

நஸ்ரின் பயந்துபோய், "என்னண்ணே, கொட்டும்னு சொன்னதுக்கா இப்புடி உக்காந்துட்டீக?" என்றாள். டீயைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறு பேட்சை ஆலோசகர் முன்னால் போட்டேன். போர் குழாயைத் திறந்ததும் அவர் கைக்குட்டை முதல் முறையாக மூக்கை விட்டு இறங்கியது.

"இது என்ன கூத்து? போர்வெல் தண்ணியா?"

"ஆமா சார். எங்க ஊர் தண்ணி."

"இதுல என்னென்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் ஊத்துறேன்."

அவருக்காக இன்னொரு ஃபெர்மென்டரில், ஆர்.ஓ. தண்ணீரில் சர்க்கரையோடு அளந்த கால்சியம் குளோரைடைக் கலந்தும் ஓட்டினேன். முடிவில் இரண்டிலிருந்தும் தெளிந்த நீரை எடுத்தேன். கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலமாகும். கஞ்சி கரையக் கரைய நீலம் போகும். எவ்வளவு சீக்கிரம் போகிறதோ என்சைம் அவ்வளவு. இரண்டு குழாய்களிலும் நீலம் கண் முன்னால் வெளுத்து ஓடியது. கருவியில் போட்டுப் பார்த்தோம். இரண்டும் உன் அளவை ஒட்டி நின்றன. உன் தண்ணீர் போட்டது ஒரு மயிரிழை கூடவே. ஆலோசகர், "இன்ட்ரஸ்டிங்" என்றார். ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு, அது இல்லை என்று ஆன பிறகு சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஓனருக்குக் கொண்டாட்டம். மறுபடி பரோட்டா. நான் சாப்பிடவில்லை.

"சார், வீரசோழனுக்கு வாங்க. அவுங்க அத்தாட்ட நேர்ல சொல்லணும்."

"அதுக்கென்னப்பா, போன்ல சொல்லிருவோம்."

சொல்லவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் லைன் கிடைக்கவில்லை என்றார். வீரசோழனுக்கு நாலு டவர் இருக்கிறது.

நானே போனேன். இந்த முறை உள் அறைக்கே போய் அத்தா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கால்சியம், பாஸ்பேட்டு, போர் தண்ணீர். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, எம்மகன் பொய் சொல்லலைனு நீ வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்ல. அது எனக்குத் தெரியும். அவுக போன்ல சொன்னப்ப நான் 'சரிங்க'ன்னு சொல்லி வச்சுட்டேன். பெத்தவன், எதுத்து ஒரு வார்த்த கேக்கல. அந்த 'சரிங்க'தான் இன்னும் தொண்டைல நிக்கிது."

எழுந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"அவுக எங்க இருப்பாக? என்னையக் கூட்டிட்டுப் போ."

இருவரும் பஸ் ஏறினோம். கம்பெனிக்குள் நுழைந்தபோது பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கலக்கும் மோட்டாரின் இரைச்சல் தகரக் கூரையில் மோதிக்கொண்டிருந்தது. ஓனர் திடுக்கிட்டு எழுந்தார்.

"வாங்க பாய், வாங்க. உக்காருங்க. டீ சொல்றேன்."

"டீ வேணாம். எம்மகன் எடுத்த அளவு சரியா, தப்பா?"

"அது ஒரு சின்னக் குழப்பம் பாய், இப்ப எல்லாம்..."

"சரியா, தப்பா?"

ஓனர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சரிதான்" என்பதுபோல வாய் அசைந்தது.

"கேக்கல" என்றார் அத்தா.

நான் மோட்டார் சுவிட்சில் கையை வைத்தேன். "மிஷின் சத்தம் சார். நிப்பாட்டிரவா?"

கலக்குவது நின்றால் காற்றுக் கிடைக்காமல் உள்ளே இருப்பதெல்லாம் மூச்சுத் திணறும். பேட்ச் வீணாகும். இந்தக் கணக்கில் மட்டும் ஓனர் ஒருநாளும் தவறியதில்லை.

"ஏலே! கைய எடுறா அதுலருந்து!" என்று அலறினார். அதே மூச்சில், அதே சத்தத்தில் மிச்சமும் வந்தது. "சரிதான் பாய்! ஒங்க மகன் எடுத்த அளவு சரி! நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்!"

பக்கத்து ஒர்க் ஷாப்பில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் வீரசோழன்காரர். அத்தா அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர அது போதும்.

அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப டீ சொல்லுங்க" என்றார்.

வடக்கே போன காகிதத்தில் கால்சியம் குளோரைடு என்றுதான் இருக்கிறது. அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்ய வேண்டும்; நான் மறுக்கவில்லை. இங்கே நான் போர் தண்ணீரில்தான் கரைக்கிறேன். ஒவ்வொரு முறையும் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் கரைக்கிறேன். நீ அதைச் செய்யாமல் விட்டதற்கு உன்னைத் திட்டிக்கொண்டேதான் கரைக்கிறேன். நிதானம் எனக்கு வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆலோசகர் போகும்போது இந்த முறைக்குத் தன் பெயரில் ஒரு தலைப்பு எழுதிக்கொடுத்தார். அதைக் கிழித்துப் போட்டேன். யார் கிழித்தது என்று ஓனர் கேட்டபோது நான்தான் என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், சர்க்கரையை மட்டும் ஏன் உப்புத் தண்ணீரில் கரைக்கிறோம் என்று. நான் கால்சியத்தில் ஆரம்பிப்பதில்லை. முதலில் உன் பெயரைச் சொல்கிறேன். முழுப் பெயரை, அத்தாவின் பெயரையும் சேர்த்து, மோட்டார் சத்தத்துக்கு மேலே.